வற் வரிக்குப் பதிவதா, பொறுப்பதா? வன்னியின் சிறு வியாபாரிக்கு ஒரு வழிகாட்டி

"அண்ணை, வற் பில் தருவியளோ?"

கிளிநொச்சியில் ஓர் அலுமினியப் பட்டறைக்கோ வவுனியாவில் ஒரு ஹாட்வெயார் கடைக்கோ பெரிய ஒப்பந்தகாரரின் ஆள் வந்தால் முதலில் விலை கேட்பார், அடுத்து இதைக் கேட்பார். "இல்லைத் தம்பி, எங்களிட்டை சும்மா பில்தான்" என்று சொன்னால் பேச்சு பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். வேலை வன்னியில் நடக்கும். பொருள் மட்டும் கொழும்பிலிருந்து ஏ-9 வீதியால் லொறியில் வந்து இறங்கும். விலையிலோ தரத்திலோ குறையில்லாத உள்ளூர்க்காரர் ஒரு பதிவு இல்லாததால் வேலையை இழக்கிறார்.

இதற்கு நேர் எதிரான நட்டமும் உண்டு. பதியவேண்டிய அளவுக்கு வியாபாரம் வளர்ந்த பிறகும் "அது பெரிய ஆக்களின்ர வரி" என்று இருந்துவிடுவார்கள். பிறகு பழைய மாதங்களுக்கும் சேர்த்து வரியும் தண்டமும் கேட்டுக் கடிதம் வரும்.

வன்னியில் இந்த வரி இன்னும் பழகாததற்குக் காரணம் இருக்கிறது. வற் எனப்படும் பெறுமதி சேர் வரிக்கான 2002ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் அந்த ஆண்டு ஓகஸ்ட் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. போர்நிறுத்தம் ஏற்பட்டு ஏ-9 வீதி திறந்ததும் அதே ஆண்டுதான். அப்போது கிளிநொச்சியும் முல்லைத்தீவும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தன. 2006இல் வீதி மூடப்பட்டது, பிறகு போர் வந்தது. 2009க்குப் பிறகு தகரக் கொட்டிலில் மீண்டும் தொடங்கிய கடைகளுக்குத் தகப்பனிடமிருந்து பிள்ளை படிக்கிற மாதிரியான வரிக்கணக்குப் பழக்கம் கிடைக்கவில்லை. இப்போது அந்தக் கடைகள் பல வளர்ந்து நிற்கின்றன. பதிவதா பொறுப்பதா என்பதை ஒவ்வொருவரும் கணக்கைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். அந்தக் கணக்கில் முதன்மையான இரண்டு கேள்விகள் உண்டு: மூன்று மாதத்தில் எவ்வளவு விற்கிறீர்கள்? யாருக்கு விற்கிறீர்கள்?

எல்லை எங்கே இருக்கிறது?

2024 ஜனவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த எல்லை இது: வரிவிதிக்கத்தக்க வழங்கல்களின் பெறுமதி மூன்று மாதத்தில் ஒன்றரைக் கோடி ரூபாயை, அல்லது பன்னிரண்டு மாதத்தில் ஆறு கோடி ரூபாயைத் தாண்டினால் பதிவு கட்டாயம். இந்த இரண்டில் ஏதாவது ஒன்றைத் தாண்டினாலே போதும். ஆண்டுக் கணக்கில் ஆறு கோடி வராவிட்டாலும், பெரும்போக அறுவடைக்குப் பிந்திய ஒரு காலாண்டில் மட்டும் வியாபாரம் ஏறி ஒன்றரைக் கோடியைத் தொட்டுக் கடந்தால் அப்போதே கடப்பாடு வந்துவிடும்.

எல்லை வந்த பாதையையும் பாருங்கள். 2020 தொடக்கத்தில் அது ஆண்டுக்கு 30 கோடி ரூபாயாக உயர்த்தப்பட்டது. பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு 2022 ஒக்டோபரில் 8 கோடியாகவும் 2024 ஜனவரியில் 6 கோடியாகவும் இறங்கியது. 2025 நவம்பர் 7ஆம் திகதி பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்ட 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம், ஏப்ரல் மாதம் முதல் அதை 3 கோடி 60 இலட்சமாக்க முன்மொழிந்தது. முன்மொழிவு வேறு, நடைமுறையில் உள்ள சட்டம் வேறு. ஆகவே நீங்கள் முடிவெடுக்கும் நாளில் எந்தத் தொகை செல்லுபடியாகிறது என்பதை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் 1944 என்ற தொலைபேசி இலக்கத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

இந்தத் தொகைகளை அன்றாடக் கணக்கில் வைத்துப் பார்த்தால் விளங்கும். காலாண்டுக்கு ஒன்றரைக் கோடி என்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சத்து 67 ஆயிரம் ரூபாய் விற்பனை. ஆண்டுக்கு 3 கோடி 60 இலட்சம் என்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம்தான். சீமெந்தும் கம்பியும் விற்கும் கடைக்கு இது பெரிய தொகையே அல்ல. இந்தச் சில ஆண்டுகளில் பொருள் விலை ஏறியது, எல்லை இறங்கியது. உங்கள் வியாபாரம் ஒரு மூடைகூட வளராவிட்டாலும் எல்லை உங்களை நோக்கி நடந்து வந்திருக்கிறது.

எதைக் கூட்டுவது, எதை விடுவது?

எல்லைக்கு எடுப்பது இலாபத்தை அல்ல, விற்பனைப் பெறுமதியை. பத்து இலட்சத்துக்கு விற்று ஐம்பதாயிரம் மிஞ்சினாலும் கணக்கில் வருவது பத்து இலட்சம்.

எல்லாப் பொருளும் வரிக்குள் வராது. இந்நாட்டில் விளைந்த, பதப்படுத்தாத விவசாய விளைபொருளுக்கும் கடலுணவுக்கும் விலக்கு உண்டு, அரிசிக்கும் உண்டு. உள்நாட்டுப் பாலில் செய்த திரவப் பாலும் தயிர் வகையான யோகட்டும் 2025 ஏப்ரலில் விலக்குப் பட்டியலில் சேர்ந்தன. பயணிகள் பொதுப் போக்குவரத்து, குடியிருப்பு வீட்டு வாடகை போன்ற சேவைகளும் அப்படியே. இரணைமடுக் குளத்தின் கீழ் விளைந்த நெல்லை வாங்கி விற்பவரும் நந்திக்கடல் இறாலைப் பிடித்தபடியே கைமாற்றுபவரும் அந்த விற்பனைக்காக வற் வரிக்குப் பதிய வேண்டியதில்லை. அதே இறாலைப் பதப்படுத்திப் பொதிசெய்து விற்கத் தொடங்கினால் நிலைமை மாறக்கூடும். தொழிலை மாற்ற முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஏற்றுமதிக்கு விதி வேறு. நீங்களே நேரடியாக வெளிநாட்டுக்கு அனுப்பும் பொருளுக்கு வரி வீதம் பூச்சியம். ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் கனடாவுக்கும் இலண்டனுக்கும் அனுப்புபவர் வாங்குபவரிடம் வற் அறவிடத் தேவையில்லை. பதிந்திருந்தால், பொதியிடும் பொருளுக்கும் இயந்திரத்துக்கும் தான் கொடுத்த வற்றை மீளக் கோரவும் முடியும். விலக்குப் பெற்ற பொருளை விற்பவருக்கு இந்த மீட்பு இல்லை. வாடிக்கையாளருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தாலும் வியாபாரிக்கு வித்தியாசம் பெரியது.

பலசரக்குக் கடை மாதிரி விலக்குள்ள பொருளும் வரிக்குரிய பொருளும் கலந்து விற்பவர்கள் ஒரு விடயத்தில் கவனமாக இருக்க வேண்டும். மொத்த, சில்லறை வியாபாரத்துக்கு இந்தச் சட்டத்தில் தனி ஏற்பாடுகள் இருந்துவந்துள்ளன. எனவே "அரிசியை விட்டுவிட்டுக் கணக்குப் பார்த்தால் எல்லைக்குள் நிற்கிறேன்" என்று நீங்களே தீர்த்துக்கொள்ளாமல் திணைக்கள உத்தியோகத்தரிடமோ கணக்காளரிடமோ உங்கள் விற்பனைப் பிரிப்பைக் காட்டிக் கேளுங்கள்.

பதிவு கடைக்கு அல்ல, ஆளுக்கு. பரந்தனில் ஒரு ஹாட்வெயார், மாங்குளத்தில் ஒரு மரத்தளபாடப் பட்டறை, வவுனியாவில் ஒரு விடுதி என மூன்றும் ஒரே தனிநபரின் பேரில் இருந்தால் மூன்றின் வரிக்குரிய விற்பனையும் கூடும். கம்பனியாகப் பதிந்தால் கம்பனி தனி ஆள். எல்லையைத் தவிர்க்க ஒரே கடையை மனைவி பேரிலும் தம்பி பேரிலும் துண்டாக்கி எழுதுவதை நம்பாதீர்கள். ஒரே களஞ்சியம், ஒரே வழங்குநர், ஒரே வங்கிக் கணக்கு என்று கண்டால் எந்த உத்தியோகத்தரும் அதை ஒரே வியாபாரமாகத்தான் பார்ப்பார்.

எல்லைக்குக் கீழே இருக்கும்போது பதிவது இலாபமா?

எல்லையைத் தாண்டாதவர்களும் சுயவிருப்பில் பதியச் சட்டம் இடம் தருகிறது. பதிவதா இல்லையா என்று உண்மையில் யோசிக்க வேண்டியவர்கள் இவர்கள்தான். ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம்.

ஓர் அலுமினியப் பட்டறை ஒரு கட்டட வேலைக்குக் கதவு, யன்னல் செய்கிறது. அலுமினியச் சட்டங்களும் கண்ணாடியும் பதிவுபெற்ற வழங்குநரிடம் 10 இலட்சம் ரூபாய்க்கு வாங்குகிறது. அதன் மேல் 18 வீத வற் 1,80,000 ரூபாய். கூலி, மின்சாரம், இலாபம் எல்லாம் சேர்த்து 6 இலட்சம் வைக்கிறது.

பட்டறை பதியவில்லை என்று வைப்போம். கொடுத்த 1,80,000 ரூபாயும் செலவாகவே நிற்கும். விலை 17,80,000 ரூபாய்.

பதிந்திருந்தால் விலை 16,00,000. அதற்கு 18 வீத வற் 2,88,000. மொத்தம் 18,88,000 ரூபாய். வாடிக்கையாளரிடம் வாங்கிய 2,88,000 ரூபாய் வெளியீட்டு வரி, வழங்குநருக்குக் கொடுத்த 1,80,000 ரூபாய் உள்ளீட்டு வரி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 1,08,000 ரூபாயைத் திணைக்களத்துக்குக் கட்ட வேண்டும். பட்டறையின் கையில் இரண்டு வழியிலும் அதே 6 இலட்சம்தான் நிற்கிறது.

இப்போது வாங்குபவர் பக்கம் போய்ப் பாருங்கள். அவர் வற் பதிவுள்ள ஒப்பந்தகாரர் என்றால் 2,88,000 ரூபாயைத் தன் கணக்கில் கழித்துக்கொள்வார். அவருக்கு உண்மையான செலவு 16 இலட்சம். பதியாத பட்டறையிடம் வாங்கினால் 17,80,000. ஆக, பதிந்த பட்டறை அவருக்கு 1,80,000 ரூபாய் மலிவு. வாங்குபவர் சொந்த வீடு கட்டும் ஆசிரியர் என்றால் கதை தலைகீழ். அவரால் எதையும் கழிக்க முடியாது. பதிந்த பட்டறை அவருக்கு 1,08,000 ரூபாய் கூடுதல் விலை.

முடிவெடுக்கும் விதி இதிலிருந்தே வருகிறது. உங்கள் விற்பனையில் பெரும்பங்கு ஒப்பந்தகாரர், ஆடைத் தொழிற்சாலை, விருந்தினர் விடுதி, ஏற்றுமதியாளர் போன்ற பதிவுள்ளவர்களுக்குப் போகிறதென்றால் எல்லைக்குக் கீழே இருந்தாலும் பதிவதைப் பற்றி யோசியுங்கள். கடைவாசலுக்கு வருவோர் பெரும்பாலும் வீட்டுக்காரர், கமக்காரர் என்றால் சட்டம் கட்டாயப்படுத்தும்வரை பொறுப்பதே நல்லது. அரச வேலைகளின் விலைமனுக்களில் வற்றைத் தனியாகக் காட்டச் சொல்வதும் வற் இல்லாத விலையை வைத்து ஒப்பிடுவதும் பொதுவான வழக்கம். அங்கே பதிவு உங்களுக்குப் பாரமாக இராது.

இன்னொரு பக்கமும் உண்டு. நீங்கள் கொள்வனவு செய்வது யாரிடம்? மணல், கிராவல், காட்டுத்தடி, பதியாத மரக்காலை, நாட்கூலி ஆகியவைதான் உங்கள் செலவில் பெரும்பகுதி என்றால் கழிக்க உள்ளீட்டு வரி அதிகம் கிடைக்காது. கூலி கூடிய தொழிலுக்கு வற் பாரமும் கூடும். கொள்வனவு பில்களை மூன்று மாதத்துக்குச் சேர்த்து, வற் உள்ளவை ஒரு கட்டு, இல்லாதவை ஒரு கட்டு என்று பிரித்துப் பார்த்தால் உங்கள் நிலை தெரிந்துவிடும்.

பதிவுக்குப் போகும் வழி

கட்டாயப் பதிவு என்றால் கடப்பாடு ஏற்பட்ட நாளிலிருந்து 15 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். காலாண்டு முடிந்து ஆறுதலாகக் கணக்குப் பார்ப்பவருக்கு இந்தக் காலம் போதாது. மாத முடிவில் மொத்த விற்பனையைக் கூட்டிப் பார்ப்பவருக்குப் போதும்.

முதலில் வியாபாரப் பெயர்ப் பதிவு. தனியாள் வியாபாரமும் பங்குடைமையும் உங்கள் பிரதேச செயலகத்தின் ஊடாகப் பதியப்படும். கம்பனி என்றால் கம்பனிகள் பதிவாளர் திணைக்களம். வியாபாரப் பதிவில் உள்ள பெயரும் விலாசமும் வங்கிக் கணக்கிலும் கடைப் பெயர்ப்பலகையிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வீதிப் பெயரும் வீட்டிலக்கமும் மாறிய இடங்களில் பத்திரங்களில் ஒரே கடைக்கு இரண்டு விலாசம் இருக்கும். விண்ணப்பிக்க முன்னரே இதைச் சீர்செய்தால் பிறகு அலைய வேண்டியதில்லை.

அடுத்தது வரி செலுத்துநர் அடையாள இலக்கம், அதாவது ரின் இலக்கம். இது ஒன்பது இலக்கங்கள் கொண்டது, கட்டணம் இல்லை, திணைக்களத்தின் இணையத்தளத்திலும் எடுக்கலாம். ரின் இருந்தாலே வற் பதிவு இருக்கிறது என்று நினைப்பவர்கள் பலர். அது பிழை. வற்றுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வற் இலக்கம் கிடைக்கும்போது உங்கள் ஒன்பது இலக்க ரின்னின் பின்னால் 7000 என்று சேர்ந்து வரும். உங்களுக்குப் பொருள் தரும் வழங்குநரின் பில்லில் வற் அறவிட்டிருந்தால் அங்கேயும் இந்த 7000 இருக்கிறதா என்று பாருங்கள்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: தேசிய அடையாள அட்டைப் பிரதி, வியாபாரப் பதிவுச் சான்றிதழ், கம்பனியானால் கூட்டிணைப்புச் சான்றிதழும் பணிப்பாளர் விபரமும், விலாசத்தை உறுதிப்படுத்த மின்கட்டணப் பட்டியலோ குத்தகை உடன்படிக்கையோ, வங்கிக் கூற்று, மாதவாரியான விற்பனைக் கணக்கு. சுயவிருப்பில் பதிபவர்கள் ஒப்பந்தம் அல்லது கொள்வனவுக் கட்டளை இருந்தால் அதையும் கொண்டுபோகலாம். பதிவுள்ள வாடிக்கையாளர் உங்களுக்கு இருக்கிறார் என்பதற்கு அது நல்ல ஆதாரம். திணைக்களத்தோடு தமிழிலேயே தொடர்புகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. விளங்காத படிவத்தில் ஒருபோதும் கையொப்பம் வைக்காதீர்கள்.

பதிவுச் சான்றிதழ் வந்ததும் கடையில் எல்லோருக்கும் தெரியும் இடத்தில் மாட்டுங்கள். அதில் உள்ள நடைமுறைத் திகதிதான் முக்கியம். அந்தத் திகதிக்கு முன் யாரிடமும் வற் அறவிடக் கூடாது. பதிவில்லாமல் வற் அறவிடுவது குற்றம். அந்தத் திகதிக்குப் பின் அறவிடாமல் விட்டால் அது உங்கள் கைக்காசு.

பில் எழுதும் கை

"ரக்ஸ் இன்வொய்ஸ்" என்று கடைகளில் சொல்லும் வரி விலைச்சிட்டைதான் இந்த முறையின் உயிர். அது சரியில்லையென்றால் வாங்குபவர் தன் உள்ளீட்டு வரியைக் கழிக்க முடியாது. அடுத்தமுறை உங்களிடம் வரமாட்டார்.

அந்தத் தாளில் இருக்க வேண்டியவை: வரி விலைச்சிட்டை என்ற தலைப்பு கண்ணில்படும் இடத்தில், உங்கள் பெயர், விலாசம், வற் இலக்கம், வாங்குபவரின் பெயர், விலாசம், வற் இலக்கம், தொடர் இலக்கம், விலைச்சிட்டைத் திகதி, வழங்கிய திகதி, பொருளின் விபரமும் அளவும், வற் இல்லாத பெறுமதி, வற் தொகை, மொத்தம் மூன்றும் தனித்தனியாக. "சாமான் வகை, 18,88,000" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால் அது வரி விலைச்சிட்டை ஆகாது. நம் பட்டறையின் விலைச்சிட்டையில் அலுமினிய யன்னல் இத்தனை, கதவு இத்தனை, பெறுமதி 16,00,000, வற் 2,88,000, மொத்தம் 18,88,000 என்று பிரிந்து நிற்க வேண்டும். படிவ அமைப்புக் குறித்துத் திணைக்களம் அவ்வப்போது அறிவித்தல் விடுகிறது. பில் கொப்பி அச்சடிக்க முன் நடப்பில் உள்ளதைக் கேட்டுப் பாருங்கள்.

பதிவுள்ளவர் கேட்டால் 14 நாட்களுக்குள் வரி விலைச்சிட்டை கொடுக்க வேண்டும். பதிவில்லாத வாடிக்கையாளருக்குச் சாதாரண பில் போதும், ஆனால் விலைக்குள் வற் இருக்கும். வற் சேர்ந்த விலையிலிருந்து வரியைப் பிரிக்க 18ஆல் பெருக்கி 118ஆல் வகுக்க வேண்டும். 1,18,000 ரூபாய்க்கு விற்றால் அதில் 18,000 வரி. மொத்தத்தில் 18 வீதம் என்று கணக்கிட்டு 21,240 ரூபாயைக் கட்டிவிடாதீர்கள்.

கொள்வனவு பில்லும் அதே அளவு முக்கியம். உள்நாட்டில் வாங்கிய பொருளின் வரி விலைச்சிட்டையை, அதன் திகதியிலிருந்து 12 மாதத்துக்குள் கணக்கில் காட்டிக் கழித்துவிட வேண்டும். மேசை இழுப்பறையில் கிடந்து மை அழிந்த பில் காசை எரித்ததற்குச் சமம். சொந்தப் பாவனைக்கு வாங்கியதையும் பயணத்துக்கான காரையும் கழிக்க முடியாது. விலக்குள்ள பொருளும் வரிக்குரிய பொருளும் சேர்த்து விற்பவர், வரிக்குரிய பங்குக்கு மட்டுமே உள்ளீட்டு வரியைக் கோரலாம்.

கடன் கொப்பியும் வற்றும்

வன்னியில் வியாபாரம் போகத்தோடு ஓடுகிறது. ஒக்டோபரில் நெல் விதைக்கும்போது கமக்காரர் குழாயும் கம்பியும் நீர்ப்பம்பிகளும் கடனுக்கு எடுப்பார். மாசி, பங்குனியில் நெல் விற்றுக் காசு தருவார். ஒப்பந்தகாரரும் அப்படியே: அரச வேலையின் பட்டியல் தீர்ந்த பிறகே உங்களுக்குத் தருவார்.

வற் அந்த அறுவடைக்குக் காத்திருக்காது. விலைச்சிட்டை எழுதியது, பொருள் கொடுத்தது, காசு வந்தது ஆகியவற்றில் முந்தியதை வைத்தே பொதுவாக வழங்கல் நடந்த நேரம் கணக்கிடப்படும். முற்பணம் வாங்கினால் அதற்கும் அந்தக் காலப்பகுதியிலேயே வரி. ஒக்டோபரில் 11,80,000 ரூபாய்க்குக் கடன் கொடுத்தால், ஒரு சதம் கைக்கு வராவிட்டாலும் 1,80,000 ரூபாய் வெளியீட்டு வரி உங்கள் கணக்கில் ஏறிவிடும். வியாபாரம் இலாபத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கையில் காசு இல்லாமல் தடுமாறுவது இங்கேதான்.

இதற்கு மூன்று ஒழுங்குகள் செய்யலாம். கடனுக்குக் கொடுக்கும்போது பொருளின் விலையில் தவணை வைத்தாலும் வற் தொகையையாவது கைக்காசாக வாங்குங்கள். ஒப்பந்தகாரரோடு எழுதும் உடன்படிக்கையில் வற் தொகையை இருபது நாளுக்குள் தரவேண்டும் என்று ஒரு வாசகம் சேருங்கள். வற்றுக்கென்று தனி வங்கிக் கணக்கு திறந்து, ஒவ்வொரு நாளும் அறவிட்ட வரியை அதற்குள் போட்டுவிடுங்கள். அந்தக் காசு உங்கள் கல்லாப்பெட்டியால் கடந்துபோகும் பொதுப்பணம். அதை எடுத்து அடுத்த லொறிச் சீமெந்து இறக்கியவர்கள்தான் பின்னர் தண்டம் கட்டுகிறார்கள்.

மறக்கக் கூடாத திகதிகள்

உங்கள் வரிக் காலப்பகுதி மாதமா காலாண்டா என்பது பதிவின்போது தெரிவிக்கப்படும். காலப்பகுதி முடிந்த அடுத்த மாதம் 20ஆம் திகதிக்குள் வரியைக் கட்ட வேண்டும். அதே மாதத்தின் கடைசி நாளுக்குள் விபரத்திரட்டை இணையவழியில் சமர்ப்பிக்க வேண்டும். விற்பனை, கொள்வனவு அட்டவணைகளும் கூடவே போகும். காலாண்டுக்காரருக்கு விபரத்திரட்டு மாதங்கள் ஏப்ரல், ஜூலை, ஒக்டோபர், ஜனவரி. சித்திரைப் புத்தாண்டு விடுமுறையோடு ஏப்ரல் 20 வந்துவிடும். அந்த மாதம் முதற்கிழமையிலேயே கணக்கை முடித்துவிடுங்கள்.

பிந்தினால் கட்டவேண்டிய வரிக்கு 10 வீதத் தண்டம், அதன் பிறகு ஒவ்வொரு மாதத்துக்கும் 2 வீதம். நம் பட்டறை 1,08,000 ரூபாயைக் கட்டாமல் விட்டால் முதலில் 10,800, பிறகு மாதம் 2,160 என்று ஏறும். தண்டம் வரியின் முழு அளவுவரை போகலாம். விற்பனையே இல்லாத காலத்துக்கும் பூச்சிய விபரத்திரட்டு கொடுக்க வேண்டும். கடையை மூடினால் எழுத்தில் அறிவித்துப் பதிவை நீக்குங்கள். "கடை இல்லைத்தானே" என்று விட்டால் விபரத்திரட்டுக் கடப்பாடு தொடரும். பில்களையும் கணக்குப் புத்தகங்களையும் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்குப் பத்திரமாக வையுங்கள்.

எல்லையைத் தாண்டுபவர்களுக்கு இன்னொரு வரியும் கூடவே வரும். சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி 2022 ஒக்டோபரில் 2.5 வீதமாகத் தொடங்கியது. 2024இல் அதன் எல்லையும் ஆண்டுக்கு ஆறு கோடியானது. 2026 வரவுசெலவுத் திட்டம் அதையும் சேர்த்தே குறைக்க முன்மொழிந்தது. மொத்த, சில்லறை வியாபாரிக்குப் புரள்வின் 50 வீதத்துக்கும், உற்பத்தியாளருக்கு 85 வீதத்துக்கும், சேவை வழங்குநருக்கு முழுப் புரள்வுக்கும் அது கணக்கிடப்படும். சில்லறைக் கடைக்கு இது நூறு ரூபாய் விற்பனைக்கு 1 ரூபாய் 25 சதம். இதை வற் மாதிரிக் கழிக்க முடியாது. விலை குறிக்கும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கிழமையே செய்யக்கூடியவை

ஒரு சாதாரண கொப்பியில் கடந்த பன்னிரண்டு மாத விற்பனையை மாதவாரியாக எழுதுங்கள். அடுத்தடுத்த மூன்று மூன்று மாதங்களைக் கூட்டுங்கள். ஒரு கூட்டுத்தொகையாவது, முன்மொழியப்பட்ட 3 கோடி 60 இலட்சத்தின் காற்பங்கான 90 இலட்சத்தைத் தாண்டியிருந்தால் நீங்கள் கணக்காளரைச் சந்திக்க வேண்டியவர். ஒன்றரைக் கோடியைத் தாண்டியிருந்தால் நாளைக்கே சந்திக்க வேண்டியவர். பிந்திவிட்டது என்று பயந்து ஒளிக்க வேண்டாம். திணைக்களம் தேடி வருமுன் நீங்களாகப் போய்ப் பதிவது எப்போதும் மலிவு, ஏனென்றால் தண்டம் மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டிருக்கும்.

பெரிய வாடிக்கையாளர் பத்துப் பேரின் பெயரை எழுதி, எவருக்கு வற் இலக்கம் உண்டு என்று கேட்டுக் குறியுங்கள். கொள்வனவு பில்களைப் பிரித்துக் கட்டுங்கள். நம் பட்டறைக் கணக்கை உங்கள் எண்களை வைத்து ஒருமுறை செய்து பாருங்கள். பதிவதா பொறுப்பதா என்பதற்கு உங்கள் கடையின் பதில் அங்கே கிடைக்கும்.

கணக்குப் படித்த பிள்ளைகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். வவுனியாப் பல்கலைக்கழகமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் ஆண்டுதோறும் அவர்களை வெளியே அனுப்புகின்றன. நான்கைந்து கடைகள் சேர்ந்து ஒருவரைப் பகுதிநேரமாக அமர்த்தினால் செலவு பகிரப்படும், கணக்கு நேரத்துக்கு முடியும், படித்த பிள்ளைக்கும் ஊரிலேயே ஒரு வேலை கிடைக்கும். ஒப்பந்தகாரரின் ஆள் அடுத்தமுறை வந்து "வற் பில் தருவியளோ?" என்று கேட்கும்போது "ஓம் தம்பி, உங்கட வற் நம்பரைச் சொல்லும்" என்று சொல்லக்கூடிய கடைகள் பரந்தனிலும் புதுக்குடியிருப்பிலும் நெடுங்கேணியிலும் பெருக வேண்டும். வன்னியில் நடக்கும் வேலையின் காசு வன்னியிலேயே சுற்றுவதற்கு அது ஒரு நேர்மையான வழி.